அப்பா போன் கேட்ட பக்கம்

வீட்டிலேயே சொந்தமாக ஒரு சர்வர் வைக்கப் போகிறேன் என்றதும் என் மனைவி ரெத்தினம் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ரிமோட்டுக்கு பேட்டரி மாத்தத் தெரியாது, சர்வராம் சர்வர்!"

ஒரு கணக்கு வாத்தியாரிடம் பேசுகிற பேச்சா இது? வீம்புக்கென்றே உட்கார்ந்தேன். அப்பா இறந்து வருஷம் திரும்பப் போகிறது. அவர் படங்களைக் கண்டவன் இடத்தில் போடாமல், ஒரத்தநாட்டில் எங்கள் வீட்டு லேப்டாப்பிலேயே வைத்து உறவுக்காரர்களுக்குக் காட்ட வேண்டும். அவ்வளவுதான் ஆசை. விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டேன். மூடி வைத்தாலும் லேப்டாப் தூங்காதபடி செய்தேன். வைஃபை ரவுட்டரில் அதற்கு மாறாத முகவரி கொடுத்தேன். எட்டாம் நாள் என் போனில் அந்த முகவரியைத் தட்டியதும் அப்பா வரப்பில் நின்று சிரித்தார். "பாத்தியாடி!" என்று கத்தினேன்.

வெளியுலகத்துக்கு இன்னும் திறந்துவிடவில்லை. எங்கள் வைஃபையில் இருக்கிற போன்கள் மட்டுமே பார்க்க முடியும். யார் எப்போது எந்தப் பக்கத்தைக் கேட்டார்கள் என்று சர்வர் வரி வரியாக எழுதி வைக்கும், அதுதான் லாக். அதில் என் போன், ரெத்தினத்தின் போன் என்று இரண்டு முகவரிதான் இருக்க வேண்டும். மூன்றாவதாக ஒன்று இருந்தது. நேரம் பிற்பகல் 3.10. கேட்ட பக்கத்தின் பெயர், சதவீதக் குறியும் எண்ணும் ஆங்கில எழுத்துமாக அரை முழ நீளம். பதில் 404. இல்லாத பக்கத்தைக் கேட்டால் வரட்டும் என்று நானே எழுதி வைத்த வாசகம் போயிருக்கும்: 'நீங்கள் தேடியது இங்கே இல்லை.'

ரவுட்டரில் தேடினேன். அந்த முகவரிக்கு நானே எப்போதோ வைத்த பெயர் இருந்தது: அப்பா போன்.

பீரோவைத் திறந்தேன். போன் அவர் வேட்டிகளுக்கு அடியில் கிடந்தது. பேட்டரி உப்பிப்போய், அதைக் கழற்றி எறிந்தே ஆறு மாசம் ஆகிறது.

மறுநாளும் அதே 3.10. தமிழில் தட்டினால் லாக்கில் இப்படித்தான் விழும் என்று படித்தேன். அதை எழுத்தாக மாற்றித் தருகிற தளம் ஒன்றில் ஒட்டினேன்.

'எழில்-வந்துட்டாளா'

அய்யோ! எழில்மொழி என் தங்கை. எங்களை மீறிக் கல்யாணம் பண்ணிக்கொண்டு தாராசுரத்துக்குப் போனவள். ஆஸ்பத்திரியில் கடைசி நாள் அப்பா இதே வார்த்தையைத்தான் கேட்டார். கூட நான் மட்டும்தான் இருந்தேன். "போன் பண்ணிட்டேம்பா, வரமாட்டேங்கிறா" என்றேன். நான் போன் பண்ணவே இல்லை. அவள்மேல் அவ்வளவு கோபம். 3.10க்கு அப்பா போய்விட்டார். 'உன் முகத்துலயே முழிக்க மாட்டேன்னுட்டாரு' என்று எழிலிடம் பிறகு சொன்னதும் நான்தான். இதெல்லாம் ரெத்தினத்துக்குக்கூடத் தெரியாது.

அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை, பாருங்கள். அதே பெயரில் ஒரு பக்கம் செய்து, 'வர்றாப்பா' என்று எழுதி வைத்தேன். மறுநாள் 3.10க்கு 200 என்று விழுந்தது. பக்கம் கிடைத்துவிட்டது என்று பொருள். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் இன்னொரு வரி வந்தது. மாற்றிப் பார்த்தேன்.

'எப்ப'

அன்றைக்கே எழிலுக்குப் போன் போட்டு, அப்பா நினைவு நாளுக்கு வரச் சொன்னேன்.

வந்தாள். அப்பா படத்துக்கு மாலை போட்டுவிட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். ஓரத்தில் லாக் திறந்திருந்தது. நான் அவள் பின்னால் நின்றேன்.

"அண்ணே, கடைசியிலயாவது அப்பா என்னயக் கேட்டாரா?"

இல்லை என்கிற வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. மணி 3.10. லாக்கில் ஒரு வரி விழுந்தது.

"என்னண்ணே இது, பூச்சி பூச்சியா?"

மாற்றிக் காட்டினேன். எழில் சத்தமாகப் படித்தாள். "'சொல்லிட்டியாடா'ன்னு இருக்கு. யாரு கேக்குறா?"

"அப்பாதாம்மா" என்றேன். "அன்னைக்கும் உன்னத்தான் கேட்டாரு. நான்தான் உன்னக் கூப்பிடல. பாவி, ரெண்டு பேருகிட்டயும் பொய் சொல்லிட்டேன்."

அவள் திட்டவில்லை. என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"எங்க அடிக்கணும்?"

முகவரி தட்டும் இடத்தில், எங்கள் சர்வர் முகவரிக்கு அடுத்துக் காட்டினேன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, 'வந்துட்டேம்பா' என்று அடித்தாள்.

திரையில் நான் எழுதி வைத்த வாசகம் வந்தது. நீங்கள் தேடியது இங்கே இல்லை.