கடைசியாக ஏறியவர்

யசோதரா தேய்த்துவிட்ட குதிரையின் வலி, அந்தக் குதிரைமேல் கடைசியாக ஏறியவரின் உடம்புக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டாயிரத்துப் பத்தொன்பது வைகாசியில் திருவொற்றியூரில் இது முதன்முதலாகத் தெரியவந்தது. காலடிப்பேட்டை மாப்பிள்ளை ஒருவர் ஊர்வலத்துக்கு மறுநாள் இடது காலை நொண்டினார். முந்தின நாள்வரை அதே இடது காலை நொண்டிய வெள்ளைக் குதிரை சுல்தானா, லாயத்தில் நாலு காலையும் ஊன்றிக் கொள்ளு தின்றது. ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏறியவர்தானே சுமக்கவேண்டும் என்று விட்டுவிட்டது.

யசோதரா புளியந்தோப்பு ஹவுசிங் போர்டிலிருந்து லாயத்துக்குக் குதிரை தேய்க்க வருகிறவள். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் பிசியோதெரபி அறையைப் பெருக்கித் துடைத்த ஒன்பது வருஷத்தில், எந்தச் சதை எந்த எலும்பை இழுக்கிறது என்று கண்ணாலேயே படித்துக்கொண்டாள். அவள் கை மனுஷருக்குக் கேட்கவில்லை, குதிரைக்குக் கேட்டது. வெந்நீரில் நனைத்த கோணியை முதுகில் போட்டு, சேணம் அழுத்தும் இடத்தில் முடிச்சைத் தேடி, முழங்கையால் அழுத்திப் பிடித்திருப்பாள். குதிரை தலையைத் தொங்கவிட்டு, வெறும் வாயை மென்று, கடைசியில் ஒரு பெருமூச்சு விடும். வலி இறங்கிவிட்டது என்று அர்த்தம். அவள் தம்பி ஜெயவேல் அதே லாயத்தில் குதிரைக்காரன்.

லாயம் மாசானத்துடையது. உடன்குடிப் பக்கமிருந்து வந்து, மளிகை மொத்த வியாபாரத்தில் காலூன்றி, பந்தல், சாரட்டு, குதிரை என்று விரித்தவர். முகூர்த்தத்துக்கு ஒரு குதிரை ஒரு கல்யாணம் என்றிருந்ததை மூன்றாக்கினார். எண்ணூர் நெடுஞ்சாலையில், கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, கான்கிரீட்டில் மூன்று ஊர்வலம் நடந்த குதிரையின் வலி சின்ன வலியா? மாப்பிள்ளைகள் படுத்த படுக்கையானார்கள். பெண்வீட்டார் லாயத்து வாசலில் வந்து கத்தினார்கள். மாசானம் யோசித்தார். நல்ல மூளை, நாசமாய்ப் போன மூளை. அன்றிலிருந்து யசோதரா வருவதற்கு முன்னால் ஜெயவேலைக் கூப்பிட்டார்.

"ஏறி ஒரு சுத்து வந்துட்டு எறங்குல."

ஆறு குதிரை, ஆறு சுற்று. கொரோனாவில் கல்யாணங்கள் நின்ற மாதங்கள் போக நாலு வருஷம். இருபத்தொன்பது வயதில் ஜெயவேல் கூனிவிட்டான். ஸ்கேன் பார்த்த டாக்டர், வண்டி இழுக்கிற வேலையா என்று கேட்டார். யசோதரா காலையில் குதிரைகளைத் தேய்த்தாள், சாயங்காலம் தம்பிக்குத் தைலம் தேய்த்தாள். தெரியாமலே, தன் கையால் ஏற்றியதைத் தன் கையாலேயே இறக்கப் பார்த்திருக்கிறாள், பாவம்.

ஒருநாள் ஷேர் ஆட்டோ உடனே கிடைத்து அரைமணி முன்னால் வந்தவள், தம்பியைச் சுல்தானாவின் மேல் பார்த்தாள்.

"இன்னாடா பண்ணிகினு கீற? அது மேல கடசியா ஏறுனா இன்னா ஆவும்னு தெரியாதா உனுக்கு?"

"தெரியும்க்கா. ஏறலன்னா வேல கீதா? வூடு எப்டி ஓடும்?"

அவளுக்கு வயிறு எரிந்தது. மாசானத்தின்மேல் எரிந்தது, வாயை மூடிக்கொண்டிருந்த தம்பிமேல் எரிந்தது, எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் இரண்டு கைகள்மேல் எரிந்தது. இனி எந்தக் குதிரையையும் தொடமாட்டேன் என்று முதலாளியின் முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

"தொடாட்டா போ தாயி. குதிரைக்குத்தான நோவு, எனக்கென்ன?" என்றார் அவர்.

பதினெட்டு நாள் தொடவில்லை. சுல்தானா கல்யாணத்துக்குக் கல்யாணம் போய்வந்து, கடைசியில் பின்னங்காலைத் தரையில் வைக்க முடியாமல் நின்றது. யசோதரா தினமும் கேட்டுவரைக்கும் வந்து பார்த்துவிட்டு, மாசானத்தைத் திட்டிக்கொண்டே திரும்பினாள். தொட்டால் தம்பி சாவான், தொடாவிட்டால் வாயில்லா ஜீவன் சாகும். இப்படி ஒரு கணக்கைப் போட்டு அவள் தலையில் கட்டியவன் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கினான்.

பத்தொன்பதாம் நாள் வியாபாரிகள் சங்கத் தேர்தலுக்கு பேனர் படம் எடுத்தார்கள். மாசானம் வெள்ளைச் சட்டை, தோளில் துண்டோடு சுல்தானாமேல் ஏறினார். ஏறுவதற்குப் படி கிடைக்கவில்லை. ஜெயவேல் குனிந்து முதுகைக் கொடுத்தான், அவர் மிதித்து ஏறினார். படத்துக்கு உட்காருவது அவர் கணக்கில் சவாரி இல்லை. குதிரை ஓரடிகூட நகரவில்லையே! இறங்கி, போனில் தன் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யசோதரா கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். கோணி இல்லை, வெந்நீர் இல்லை. சுல்தானாவின் இடுப்பில் முழங்கையை வைத்தாள். முதலில் மாசானத்தின் கையிலிருந்து போன் விழுந்தது, பிறகு அவர் விழுந்தார்.

"நிறுத்தச் சொல்லுல!" என்று ஜெயவேலிடம் அலறினார்.

ஜெயவேல் சுல்தானாவின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டான். யசோதரா அவசரப்படவில்லை. கழுத்து, தோள், முதுகு, நாலு கால் என்று ஒரு முடிச்சு விடாமல் அழுத்தினாள். சுல்தானா பெருமூச்சு விட்டு, பின்னங்காலைத் தரையில் வைத்தது.

தேர்தலில் மாசானம் ஜெயித்தார், பேனரில் நிமிர்ந்தே இருந்தார். லிஃப்ட் ஓடாத ஹவுசிங் போர்டில் மூன்று மாடி கூனிக்கொண்டே ஏறிவந்து, "எனக்கும் எறக்கிவுடு தாயி," என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"யோவ், என் கை மன்சனுக்குக் கேக்காது. கேட்டிருந்தா என் தம்பி இப்டியா கீறான்? இனிமே அவன் எந்தக் குதிர மேலயும் ஏறமாட்டான். ஒரு குதிரைக்கு ஒரே கல்யாணம். சரின்னா நாளைக்கு வரேன்."

அவர் சரி என்றார். இப்போது திருவொற்றியூரில் மாப்பிள்ளை குதிரையேறினால் ஒரு வாரம் நொண்டுவார். மாமியார் வீட்டில் முன்கூட்டியே நல்லெண்ணெய் காய்ச்சி வைத்துவிடுகிறார்கள், யாரும் காரணம் கேட்பதில்லை. லாயத்தில் மாசானமும் ஜெயவேலும் ஒருவர் காலை ஒருவர் பார்த்துத்தான் பேசிக்கொள்கிறார்கள், அதற்குமேல் தலை எழும்புவதில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம், முதலாளிக்கு நாலு வருஷ வலி இன்னும் பாக்கி என்று யசோதராவுக்கு ஆத்திரம் வருகிறது. குதிரைகள் நன்றாக இருக்கின்றன.