வாய் திறக்காத ஏலம்

என் பல் நேராக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டது நான் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முப்பத்தாறு வயதில், இரண்டு பெண் பிள்ளைகளைப் பெற்ற பிறகு, ஒருத்தி பல்லுக்குக் கிளிப் போட்டுக்கொண்டு கடற்கரையில் வந்து நின்றால் ஊர் என்ன பேசும் என்று எனக்குத் தெரியாதா? பேசியது. நன்றாகவே பேசியது.

நான் மீன் ஏலம் விடுகிறவள். சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே எங்கள் குப்பம். காலையில் போட்டுகள் கரையேறியதும் கூடை கூடையாக மீனை இறக்குவார்கள். வியாபாரிகள் சுற்றி நிற்பார்கள், நடுவில் நான். கூடைக்கு ஒரு மீன் ஏலக்காரிக்கு என்பது வழக்கம். என் வீட்டுக்காரருக்கு முதுகு பிடித்துக்கொண்டு, கடலுக்குப் போக முடியாமல் வீட்டில் வலை சரிபார்த்துக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் கூடை மீனில்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. அதோடு, இத்தனை ஆம்பிளைகள் ஒரு பொம்பிளையின் வாயையே பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிற இடம் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது? அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

ஆனால் அந்த வாயில்தான் கோளாறு. மேல்வரிசையில் ஒரு தெத்துப்பல். நான் கத்தும்போதெல்லாம் அது உதட்டின் உள்பக்கத்தைக் கிழிக்கும். பன்னிரண்டு வருஷமாக அந்தப் புண் ஆறியதே இல்லை.

கடல் ஊருக்குள் வந்துபோன அடுத்த வருஷம், எங்கள் குப்பத்துக்கு யார் யாரோ வந்தார்கள். பாய் கொடுத்தார்கள், பாத்திரம் கொடுத்தார்கள், ஒரே வீட்டுக்கு மூன்று குக்கர் கொடுத்தவர்களும் உண்டு. ஒரு சனிக்கிழமை பல் டாக்டர்கள் வேனில் வந்தார்கள். அவர்களில் பிரதீபா என்று ஒரு பெண், பல்லை நேராக்குகிற மேல்படிப்பு படிக்கிறவள். என் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தாள். அவள் முகம் அப்படியே மலர்ந்துபோனது.

“அக்கா, எனக்குப் பரீட்சைக்குப் பெரியவங்க கேஸ் ஒண்ணு வேணும். உங்க பல்லு எவ்வளவு அழகா கோணியிருக்கு தெரியுமா? காசே வேண்டாம். ரெண்டு வருஷம், மாசம் ஒரு தடவை காலேஜுக்கு வந்தா போதும்.”

என் பல்லை அழகு என்று சொன்ன இரண்டாவது ஆள் அவள். முதல் ஆள் என் வீட்டுக்காரர். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“அந்தத் தெத்துப்பல்லப் பாத்துதாண்டி உன்னியக் கட்னேன். அத நேராக்கிகினு வந்து நின்னா நான் இன்னா பண்றது?”

“வேற தெத்துப்பல்லாப் பாத்துக் கட்டிக்கோ,” என்று சொல்லிவிட்டு செங்கல்பட்டு பஸ் ஏறினேன்.

காலேஜில் பிரதீபா கிளிப் ஒட்டும்போது ஒன்றும் வலிக்கவில்லை. பல்லுக்கு ஒரு இரும்புப் பொட்டு ஒட்டி, குறுக்கே கம்பியை ஓட்டினாள். கண்ணாடியில் பார்த்தால் வாய்க்கு வேலி போட்ட மாதிரி இருந்தது. “நாலஞ்சு நாள் வலிக்கும்கா. மெத்துனு இருக்கறதா சாப்பிடுங்க. வெதுவெதுப்பா உப்புத்தண்ணி கொப்பளிங்க. உறுத்துற எடத்துல இந்த மெழுகை உருட்டி அப்பிக்குங்க. கம்பி கன்னத்துல குத்துச்சுன்னா மட்டும் உடனே போன் பண்ணிட்டு வந்துடுங்க,” என்று ஒரு சீட்டில் நம்பர் எழுதிக் கொடுத்தாள். இரண்டு பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் ஒரு வலியா என்று நினைத்துக்கொண்டு, வரும் வழியில் திருக்கழுக்குன்றம் பஸ் ஸ்டாண்டில் ஒரு மசால்வடை தின்றேன். அடுத்த இரண்டு மாசத்துக்கு அதுதான் நான் தின்ற கடைசி மசால்வடை.

மறுநாள் விடிந்தபோது என் வாயில் ஒரு பல்லும் என் பேச்சைக் கேட்கவில்லை. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொண்டாலே உச்சந்தலை வரைக்கும் விண்ணென்றது. இட்லியைக் கடித்தேன், கண்ணில் தண்ணீர் வந்தது. இட்லிக்கு அழுத முதல் பொம்பிளை எங்கள் குப்பத்தில் நான்தான்.

அப்படியே கரைக்குப் போய் “ஒரு தரம்” என்று வாயைத் திறந்தேன். சத்தத்துக்குப் பதிலாக எச்சில்தான் வந்தது. உதடு கம்பியில் மாட்டிக்கொண்டு இறங்க மறுத்தது. திருப்போரூரிலிருந்து ஐஸ் பெட்டி வண்டியோடு வருகிற வியாபாரி தீனா, விழுந்து விழுந்து சிரித்தான்.

“யக்கா, வாய்க்கு கேட்டு போட்டுகினியே, பூட்டு எங்க கீது?”

அப்போது பரிமளா முன்னால் வந்தாள். பரிமளா என் ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக மீன் விற்கிறவள். “யக்கா, நீ வூட்டுக்குப் போய் வாய் கொப்பளி. இன்னிக்கு ஒரு நாளு நான் வுட்றேன்,” என்றாள். ஒரு நாள்! எனக்குத் தெரியாதா அவளை? சித்திரையில் ஊர் கூடி ஏலக்காரியை வைக்கும். நடுவில் மூன்று போட்டுக்காரர்கள் குறை சொன்னால் ஏலம் கை மாறிவிடும். அதற்குத்தான் வழி பார்க்கிறாள் என்று வயிற்றெரிச்சலோடு வீட்டுக்குப் போய், உப்புத்தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பினேன். அவள் எப்படி ஏலம் விட்டாள் என்று யாரையும் கேட்கவும் இல்லை.

இரண்டாம் நாள் ஒரு முடிவோடு போனேன். வாயைத் திறந்தால்தானே சிரிப்பார்கள்? திறக்கவே மாட்டேன். விலை சொல்லப்போவது அவர்கள்தான். தலையாட்டுவதற்கும் விரல் காட்டுவதற்கும் பல் எதற்கு?

முதல் கூடை வஞ்சிரம். தீனா ஒரு விலை சொன்னான். அந்த நேரம் பார்த்து, பின்னால் நீட்டிக்கொண்டிருந்த கம்பியின் முனை என் வலது கன்னத்துக்குள் ஒரு குத்துக் குத்தியது. எனக்கு ஒரு கண் சுருங்கி, கன்னம் கோணி, மூக்கு மேலே ஏறிக்கொண்டது. தீனா என்னைப் பார்த்தான். நான் அவன் விலையைக் கேட்டுக் காறித் துப்பாத குறையாக நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டான்.

“சரி சரி, மூஞ்சியக் காட்டாத,” என்று தன் விலையைத் தானே ஏற்றினான்.

மறுபடியும் குத்தியது. மறுபடியும் ஏற்றினான். பக்கத்தில் நின்ற வியாபாரி, தீனாவே இப்படி ஏற்றுகிறான் என்றால் மீனில் ஏதோ விஷயம் இருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் ஏற்றினான். பன்னிரண்டு வருஷம் தொண்டை கிழியக் கத்தி வாங்க முடியாத விலையை அன்று ஒரு கம்பி முனை வாங்கிக் கொடுத்தது.

அதற்குப் பிறகு நான் டாக்டருக்குப் போன் பண்ணுவேனா? வீட்டில் மெழுகை அப்பிக்கொண்டு கஞ்சியும் சுறாப்புட்டும் சாப்பிடுவேன். கரைக்குப் போகும்போது மெழுகை எடுத்து முந்தானையில் முடிந்துகொள்வேன். வலித்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு வலிக்கும் ஒரு விலை ஏறினால் மனுஷிக்கு அதுவும் பழகிவிடுகிறது. போட்டுக்காரர்கள் கூடை மீனுக்கு மேல் கைப்பிடி இறாலும் போட்டார்கள். வியாபாரிகள் மீனைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் கன்னத்தைப் பார்த்தார்கள். ஊர்த்தலைவர் மாயவன், “வச்சலா, நீ இனிமே பேசவே வாணாம்,” என்று மனசார வாழ்த்தினார். தன் பெண்டாட்டியிடம் சொல்ல முடியாததை என்னிடமாவது சொல்லிக்கொண்டார் போலிருக்கிறது.

பரிமளா மட்டும் தினமும் வந்து என் பக்கத்திலேயே நின்றாள். என் வாயையே உற்றுப் பார்ப்பாள்.

சனிக்கிழமை டாக்டர் வேன் மறுபடியும் குப்பத்துக்கு வந்தது. ஒளிந்துகொள்ளலாம் என்று பார்த்தேன், பிரதீபா வீட்டுக்கே வந்துவிட்டாள். வாயைத் திறக்கச் சொன்னாள். “ஐயோ, கன்னம் இப்படிப் புண்ணாகியிருக்கு, ஏன்கா போன் பண்ணலை?” என்று கேட்டுக்கொண்டே பையிலிருந்து குறடு மாதிரி ஒன்றை எடுத்தாள். நான் வேண்டாம் என்று கையை ஆட்டுவதற்குள் டிக் என்று ஒரு சத்தம். கம்பி முனை போயே போய்விட்டது. “இப்ப நிம்மதியா இருக்கா?” என்று சிரித்தாள். என் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டு நிம்மதியா என்று கேட்கிறாள், பாவம் குழந்தை.

ஞாயிற்றுக்கிழமைதான் மீனுக்குக் கிராக்கி. அன்றைக்கென்று என் முகம் மணையில் உட்கார்ந்த பெண் முகம் போலச் சாந்தமாக இருந்தது. தீனா அடிமாட்டு விலை ஒன்றைச் சொல்லிவிட்டு என் கன்னத்தைப் பார்த்தான். கன்னம் அசையவில்லை. எனக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். மற்றவர்களும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஒரு வாரமாக மூடிப் பழகிய வாயைத் திறக்க எனக்குப் பயமாக இருந்தது, எச்சில் வழிந்தது ஞாபகம் வந்தது. மீன் பாதி விலைக்குப் போனது. இரண்டு போட்டுக்காரர்கள் அங்கேயே மாயவனிடம் குறை சொன்னார்கள்.

“இன்னும் ஒருத்தன் சொன்னா என் கையில ஒண்ணும் இல்ல வச்சலா. பரிமளாதான் வுடணும்,” என்றார் மாயவன்.

அன்று சாயங்காலம் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து வலிக்கிற மாதிரி முகத்தைக் கோணிப் பழகினேன். என் பெண்கள் இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்காரர் வலையிலிருந்து தலையைத் தூக்கி, “இதுக்குத் தெத்துப்பல்லே பரவால்ல,” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏலம் போனால் அடுத்த நாள் அடுப்பில் என்ன வைப்பது என்று எனக்கு மட்டும்தான் கவலை.

திங்கட்கிழமை காலை. பெரிய கூடை, எல்லாம் வஞ்சிரம். தீனா விலை சொன்னான். நான் கண்ணைச் சுருக்கி, கன்னத்தை இழுத்து, மூக்கை ஏற்றினேன். தீனா ஒரு நிமிஷம் என்னை உற்றுப் பார்த்தான். அப்புறம் கையைத் தட்டிக்கொண்டு குதித்தான்.

“யக்கா! ஒரு வாரமா வலது கன்னத்தத்தான பாத்துகினு கீறேன். இன்னிக்கு இடது கன்னத்த இழுக்கற. வலி இன்னா, வூடு மாறிடுச்சா?”

கரையே சிரித்தது. நண்டு வலையைப் பிரித்துக்கொண்டிருந்த கிழவர்கள்கூட எழுந்து வந்து என்ன என்று கேட்டுச் சிரித்தார்கள். கூடைக்குச் சொந்தக்காரன் மட்டும் சிரிக்கவில்லை. “இது ஏலமா, டிராமாவா? மாயவண்ணே, ஆள மாத்து,” என்றான். அதோடு மூன்று ஆயிற்று. மாயவன் திரும்பிப் பரிமளாவைப் பார்த்தார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. அவமானம், பயம், எல்லாம் சேர்ந்து வயிற்றிலிருந்து கிளம்பி வந்தது. “ஒரு தரம்!” என்று கத்தினேன். என்ன ஆச்சரியம், வார்த்தை முழுசாக வந்தது. எச்சில் இல்லை, வலி இல்லை, உதடு எங்கேயும் மாட்டவில்லை. வாய் எப்போதோ கம்பிக்குப் பழகிவிட்டிருக்கிறது, நான்தான் அதைத் திறந்து பார்க்காமல் இருந்திருக்கிறேன். பல் முழுக்க இரும்பு தெரிய இன்னொரு முறை கத்தினேன். “கேளுங்கய்யா! வஞ்சிரம் ஒரு தரம்!”

ஒருத்தனும் விலை கேட்கவில்லை. என்னைப் பொய்க்காரி என்று கண்டுபிடித்த சந்தோஷத்தில் வியாபாரிகள் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்கள். கேட்க ஆள் இல்லாத ஏலக்காரி கரையில் நிற்கிறதைவிடக் கேவலம் வேறு இல்லை. இன்னொரு முறை கத்தலாமா, போய்விடலாமா என்று தெரியாமல் நின்றேன்.

“நான் கேக்கறேன்,” என்று ஒரு குரல். தீனா சொன்னதற்கு மேல் ஒரு விலை.

பரிமளா. அவள் வழக்கமாக வாங்குவது ஒரு கூறு கவளை, மிஞ்சினால் கொஞ்சம் காரப்பொடி, எல்லாம் சின்ன மீன். அந்த வஞ்சிரக் கூடையை வாங்க அவள் கழுத்தில் இருப்பதைக் கழற்ற வேண்டியிருக்கும்.

“பரிமளா கேட்டாச்சு, ஒரு தரம்!” என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை. “ரெண்டு தரம்!”

தெருவில் கூடை சுமக்கிறவளிடம் வஞ்சிரத்தை விட்டுவிட்டு வெறும் ஐஸ் பெட்டியோடு திருப்போரூர் போக தீனாவுக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. ஏற்றினான். பக்கத்துக்காரன் ஏற்றினான். அப்புறம் என் வாயை யாராலும் மூட முடியவில்லை. கடைசிக் கூடை போனபோது வெயில் ஏறியிருந்தது. குறை சொன்ன மூன்று பேரும் மாயவனிடம் போய், ஆளை மாற்ற வேண்டாம் என்று முணுமுணுத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் போட்டைக் கழுவப் போனார்கள்.

கூட்டம் கலைந்ததும் பரிமளாவைப் பிடித்து நிறுத்தினேன்.

“அவன் ஏத்தாம வுட்டிருந்தா இன்னாடி பண்ணியிருப்ப?”

“செத்துருப்பேன்,” என்றாள்.

“அப்புறம் இன்னாத்துக்குக் கேட்ட? ஏலம் உன் கைக்கு வந்துகினு இருந்துச்சே.”

அவள் கூடையிலிருந்த மணலைத் தட்டினாள். “அன்னிக்கு என்னிய நிக்க வெச்சிட்டு நீ வாய் கொப்பளிக்கப் போய்ட்ட. ஒரு தரம், ஒரு தரம்னு கத்தினே கீறேன்கா, ஒரு நாயி வாயத் தொறக்கல. எல்லாம் கையக் கட்டிகினு சிரிக்கிறானுங்க. அப்டி நிக்கறது இன்னான்னு எனக்குத் தெரியும். அதான் கேட்டேன்.” சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு சொன்னாள். “சித்திரைல ஏலத்துக்கு நானும் நிப்பேன். அது வேற.”

எனக்கு வெட்கமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது. ஓரகத்திக்கு நன்றி சொல்லும்படி ஒருத்தியை இந்த உலகம் கொண்டுவந்து நிறுத்தலாமா? எனக்குச் சேர வேண்டிய வஞ்சிரங்களில் பெரியதாகப் பார்த்து ஒன்றை எடுத்து அவள் கூடையில் போட்டேன்.

“எதுக்குக்கா?” என்றாள்.

“கம்பி போட்டவளுக்கு எங்கடி கடிக்க முடியுது, எட்த்துகினு போ,” என்றேன். பொய்தான். அன்றைக்கு நான் எதை வேண்டுமானாலும் கடித்திருப்பேன்.