பச்சைப் புள்ளி வைத்த நான்கு இன்ஜெக்டர்கள்

பிப்ரவரி 3, செவ்வாய்க்கிழமை, காலை ஐந்து நாற்பதுக்கு, ரொட்டித் தொழிற்சாலையின் பின்முற்றத்தில் நின்ற பழைய டீசல் வேன், பதினோராவது தடவை சாவியைத் திருப்பிய பிறகு ஸ்டார்ட் ஆனது.

அன்று பகல் பதினொன்றரைக்கு அந்த வேனின் நான்கு இன்ஜெக்டர்களும் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் படுத்தபடி பச்சைப்புள்ளியின் பட்டறை மேசைக்கு வந்துசேர்ந்தன. கொண்டுவந்தது அவளுடைய அண்ணன். தொழிற்சாலையின் எட்டு வேன்களுக்கும் அவன்தான் மெக்கானிக். டீசலைப் பனிபோலத் தூவி எஞ்சினுக்குள் அனுப்பும் இன்ஜெக்டர்களைச் சோதித்துச் சரிபார்ப்பது அவள் வேலை. தேறியதன் தலையில் பச்சைப் பெயின்ட்டில் ஒரு புள்ளி வைப்பாள். பதினோரு வருஷத்தில் அந்தப் புள்ளியே அவளுக்குப் பெயராகிவிட்டது.

"இந்தா, உன் பிள்ளைங்க நாலு பேரும்" என்றான் அண்ணன். "காலையில தெருவையே புகையில முக்கி எடுத்துட்டு வந்திருக்குங்க."

"என்ன புகை?"

"வெள்ளை. வேகாத டீசல் வாடை, கண்ணு எரியுது. ஸ்டார்ட் ஆனாலும் ரெண்டு மூணு நிமிஷம் நொண்டியடிச்சுக்கிட்டுத்தான் ஓடுது. ஹீட்டர் பிளக் நாலும் புதுசு போட்டாச்சு. என்னோட சேர்த்து நாலு மெக்கானிக் பார்த்தாச்சு. இனி ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்கணும். இல்லேன்னா..."

"முழுங்காம சொல்லு."

"இன்ஜெக்டர் சொட்டணும்."

"மேனேஜர்கிட்டயும் இதைத்தான் சொன்னியா?"

அண்ணன் டப்பாவின் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கேட்டாரு, சொன்னேன். சனிக்கிழமை எஞ்சினை இறக்கிப் பிரிக்கச் சொல்லிட்டாரு. எட்டு வேனோட இன்ஜெக்டரையும் இனி வேற பட்டறைக்குக் குடுக்கணுமாம்."

கோபம் வந்தால் அவளுக்குப் பேச்சு நின்று கை ஓடும். முதல் இன்ஜெக்டரைச் சோதனை மேசையில் மாட்டி நெம்புகோலை அழுத்தினாள். குறித்த அழுத்தத்தில் 'கிர்ர்' என்று அதிர்ந்து தூவியது. அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கி அப்படியே பிடித்தபடி மூக்கு நுனியைப் பார்த்தாள். காய்ந்திருந்தது, சொட்டவில்லை. நான்கும் அப்படித்தான். ஆனாலும் போன தடவை மூன்றாவதைச் சரிபார்த்துப் பூட்டிய அன்று மகளைக் கூட்டிவர அவசரமாகக் கிளம்பியது அவளுக்கு நினைவிருந்தது. அதை மட்டும் கழற்றிக் கழுவி, மறுபடியும் மாட்டிப் பார்த்தாள். அதே 'கிர்ர்'. அதே காய்ந்த மூக்கு.

"போய்ப் பூட்டு" என்றாள்.

"உன் மேசையில எல்லாம் சமர்த்தாத்தான் இருக்கும். வண்டியில பாரு."

"பார்க்கத்தான் போறேன். காலையில அஞ்சு மணிக்கு வரேன்."

"அஞ்சு மணிக்கா! நான் வேணும்னா ஒன்பது மணிக்கு இங்கேயே ஓட்டிட்டு வரச் சொல்றேனே."

"ஒன்பது மணிக்கு அது ஊரெல்லாம் சுத்திட்டு, சூடா, நல்ல பிள்ளையா வந்து நிக்கும். ஜுரத்தை வீட்டுல விட்டுட்டு வர்ற நோயாளியைத்தான்டா இத்தனை நாளா நீ பார்த்துட்டு இருக்கே."

மறுநாள் விடியும் முன் பின்முற்றத்தில் குளிர் காதைக் கடித்தது. அடுப்பறைக் கதவு திறக்கும்போதெல்லாம் சூடும் மாவு வாசனையும் ஒருசேர வெளியே வந்துபோயின. தெருவிலிருந்து கதவை நோக்கிச் சரிந்த முற்றம் அது. தட்டுகளை ஏற்ற வசதியாக வேனின் பின்பக்கம் கதவோடு ஒட்டியிருந்தது. மூக்கு மேட்டைப் பார்த்து அண்ணாந்து நின்றது.

டிரைவர் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். ஆனால் சாவியைத் திருப்புமுன் பரீட்சை எழுதப்போகிறவன்போல் கண்ணை மூடிக்கொண்டான். எட்டாவது தடவையில் எஞ்சின் இருமியது. ஒன்பதாவதில் உதறிக்கொண்டு ஓடியது. புகையில் ரொட்டித் தட்டு தூக்குகிறவர்கள் மறைந்துபோனார்கள். உள்ளேயிருந்து ஒருவர், "யாருப்பா கொசு மருந்து அடிக்கிறது?" என்று கத்தினார்.

"எவ்வளவு ஆயில் ஊத்துறே தம்பி?"

"ஊத்தறதே இல்லக்கா. குறைஞ்சாத்தானே."

ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் குறைய வேண்டும், புகையில் நீலம் தட்ட வேண்டும். இரண்டும் இல்லை.

"தினமும் இதே கூத்துதானா?"

"தினமும்தான். திங்கக்கிழமை மட்டும் தங்கமா கிளம்பிடும். ஞாயித்துக்கிழமை லீவுதானே, அதுக்கும் ஓய்வு கிடைக்குது போல."

"சனிக்கிழமை ராத்திரி வண்டி எங்க நிக்கும்?"

"எங்க வீட்டு வாசல்ல."

"அங்க மேடா?"

"இல்லக்கா, கேரம் போர்டு மாதிரி சமமா இருக்கும்."

அவள் வேனின் நீளத்தை ஒரு முறை கண்ணால் அளந்தாள். டீசல் டேங்க் பின்னால், பள்ளத்தில். எஞ்சின் முன்னால், மேட்டில்.

அன்று சாயங்காலம் அண்ணனை எஞ்சின் மூடியைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஃபில்டரிலிருந்து டீசல் போகும் வழியில் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயைச் சொருகினாள். காற்றை வெளியேற்றி, குழாய் நிறைய டீசல் நிற்பதை அவனுக்குக் காட்டினாள்.

"இதுல என்ன தெரியும்?"

"சொட்டற இன்ஜெக்டர் திங்கக்கிழமையும் சொட்டணுமே. என் இன்ஜெக்டருக்கு ஞாயிறு எது திங்கள் எதுன்னு தெரியுமான்னு தெரியும்."

வியாழக்கிழமை காலை, சாவியைத் தொடவிடாமல் டார்ச்சை அடித்தாள். குழாயில் முக்கால்வாசி காற்று.

அண்ணன் குனிந்து பார்த்தான். அவனே டார்ச்சை வாங்கி இன்னொரு தடவை பார்த்தான். எங்கோ காற்று புகுகிறது. அந்த வழியாக மூச்சு கிடைத்ததும் மேட்டில் நிற்கும் டீசல் ராத்திரி முழுக்கப் பள்ளத்தில் இருக்கும் டேங்குக்கே திரும்பி இறங்கிவிடுகிறது. காலையில் எஞ்சின் காற்றைக் குடித்துக்கொண்டு திணறுகிறது. அரைகுறையாக வந்த டீசல் வேகாமல் புகையாகிறது. இதையெல்லாம் அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவனும் இருபது வருஷ மெக்கானிக்.

"ஒரு சொட்டுகூட வெளிய கசியலையே" என்றான்.

"டீசல் வெளிய வந்தா கண்ணுக்குத் தெரியும். காத்து உள்ள போனா எப்படித் தெரியும்? சரி, இந்தக் கோளாறு எப்ப ஆரம்பிச்சது?"

"போன மாசம். ஃபில்டர் மாத்தின பிறகு..." அங்கேயே நிறுத்தினான். ஃபில்டரின் தலையில் பொத்தான்போல இருந்த கை பம்ப்பைக் கட்டைவிரலால் தொட்டான். "இதைக் கழட்டினேன். வாஷர் புதுசு கையில இல்ல. பழசு நல்லாத்தான் இருந்துச்சு, அதையே..."

"அதையே போட்டுட்டு, பழியை என் தலையில போட்டியா?"

"அடிக்கிறதா இருந்தா ஓரமா வச்சு அடி. டிரைவர் பார்க்கிறான்."

"நான் எதையும் பார்க்கலண்ணே" என்றான் டிரைவர், நன்றாகப் பார்த்துக்கொண்டே.

அவள் அவசரப்படவில்லை. சந்தேகத்தை வைத்துத் தீர்ப்பெழுதியதால்தான் இவ்வளவும் என்றாள். அன்று சாயங்காலம் கை பம்ப்பைச் சுற்றிக் காற்று புகாதபடி கெட்டி கிரீஸை அப்பி மூடினாள். வேறு எதையும் தொடவில்லை. வெள்ளிக்கிழமை காலை குழாய் நிறைய டீசல் நின்றது. அதே மேட்டில், அதே குளிரில், எஞ்சின் இரண்டாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. வால் பக்கம் மெல்லிய ஆவி தெரிந்து மறைந்தது.

வேன் சுற்று முடிந்து திரும்பியதும், கழற்றிய பழைய வாஷரை அண்ணன் மடித்துப் பார்த்தான். காய்ந்த எலுமிச்சைத் தோல்போல வெடித்தது. கையைக்கூடத் துடைக்காமல் அதை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனான். அவள் வாசலிலேயே நின்றாள்.

"எஞ்சினும் நல்லா இருக்கு, இன்ஜெக்டரும் நல்லா இருக்கு. தப்பு என்னுது" என்று அவன் குரல் கேட்டது. "நாலு பேர் பார்த்துக் கைவிட்ட கோளாறு, சார். மூணு காலையில பிடிச்சிட்டா."

"யாரு?"

"என் தங்கச்சி, சார். பச்சைப்புள்ளி." தெருக்கோடி வரை கேட்கும்படிதான் சொன்னான்.

அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கையில் கிரீஸ் இல்லாத இடத்தைத் தேடி அதால் கண்ணைத் துடைத்தாள்.

புது வாஷர் வெள்ளிக்கிழமை பகலில் பூட்டப்பட்டது. பிப்ரவரி 7, சனிக்கிழமை, காலை ஐந்து நாற்பதுக்கு வேன் முதல் தடவையிலேயே ஸ்டார்ட் ஆனது. எஞ்சின் இறக்கப்படவில்லை. திங்கட்கிழமை இன்னொரு வேனின் இன்ஜெக்டர்கள் நான்கு, அதே பிஸ்கட் டப்பாவில், அவள் மேசைக்கு வந்தன.