கார்னர் மெட்டு

வெள்ளத்துரை டிரம்பெட் வாசித்த காலத்தில், தண்டையார்பேட்டை மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால் மாட்ச் நாலரை மணிக்கு என்றால், ராயபுரத்து ஆட்கள் மூன்று மணிக்கே போய் இடம் பிடிப்பார்கள். ஆட்டத்துக்காக மட்டும் இல்லை. பந்து உருள்வதற்கு முன்னால் அரை மணி நேரம் பேண்டு உண்டு. வெள்ளத்துரை டிரம்பெட், அப்பாவு பெரிய டிரம், கிருஷ்ணப்பன் சின்ன டிரம், கிளாரினெட்டுக்கு அன்றைக்கு யார் அகப்பட்டார்களோ அவர்கள். எல்லோரும் ஹார்பரில் மூட்டை தூக்குகிறவர்கள். மாதா கோயில் தேர் பவனியிலும் சாவு வீடுகளிலும் வாசித்துப் பழகியவர்கள். கல்லறைக்கு வாசிக்கிற அதே மெட்டைக் கொஞ்சம் முடுக்கிவிட்டு மாட்சுக்கு வாசிக்கிறார்கள் என்று எதிர் டீம்காரர்கள் கேலி செய்வார்கள். அதில் உண்மையும் இருந்தது.

வெள்ளத்துரையின் மனைவி எல்சி மைதானத்துக்குள் போனதில்லை. பெண்கள் போகிற இடம் இல்லை அது. கிழக்குப் பக்கம் ரயில்வே லைன் ஓரமாகப் பழைய சிலீப்பர் கட்டைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். அவளும் தெருப் பெண்கள் நாலைந்து பேரும் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். மடியில் வறுத்த வேர்க்கடலை. முதுகுக்குப் பின்னால் பெட்டிகளை இழுத்துத் தள்ளிக்கொண்டிருக்கும் எஞ்சினின் கரிப்புகை. வீடு திரும்பும்போது முகத்தைத் துடைத்தால் முந்தானை கறுத்துவிடும்.

கார்னர் கிடைத்தால் மட்டும் வாசிக்க ஒரு மெட்டு இருந்தது. வெள்ளத்துரையே கட்டியது. ஐந்து சுரம், படி ஏறுவதுபோல. ஐந்தாவதை மூச்சு தீருகிறவரை இழுத்து, சட்டென்று நிறுத்திவிடுவான். அப்புறம் மைதானத்தில் ஒரு சத்தம் இருக்காது. இரண்டாயிரம் பேர் பந்து காற்றில் வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கோல் விழுந்தால் அப்பாவுவின் டிரம் இடிக்கும், எஞ்சின் டிரைவரும் தன் பங்குக்கு விசில் அடிப்பார். தவறிவிட்டால் பிள்ளை அழுவதுபோல் டிரம்பெட் ஒரு குரல் விடும், தோற்றுக்கொண்டிருப்பவர்கள்கூடச் சிரித்துவிடுவார்கள். எல்சிக்குப் பிடித்தது நடுவில் வருகிற அந்த மௌனம்தான். இத்தனை பேர் வாயைத் தன் புருஷன் ஊதியே அடைத்துவிட்டான் என்று அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை.

நாற்பத்தொன்றாம் வருடம் செப்டம்பரில் வெள்ளத்துரை சிங்கப்பூர் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனான். ஆறு மாதத்தில் திரும்பிவிடுவதாகப் பேச்சு. டிரம்பெட்டைத் துணியில் சுற்றிக் கையோடு கொண்டுபோனான். கடிதம் மூன்று வந்தது. பிறகு ஜப்பான்காரன் சண்டைக்கு வந்தான். கப்பலும் நின்றது, கடிதமும் நின்றது. அடுத்த சித்திரையில் பட்டணத்திலும் குண்டு விழப்போகிறது என்று ஊரே காலியானபோது, எல்சி காத்திவாக்கத்தில் சின்னம்மா வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்தாள். வந்து பார்த்தால் மைதானம் நிறைய மிலிட்டரி லாரிகள்.

சண்டை முடிந்த பிறகு, திரும்பி வந்தவர்களை எல்லாம் தேடிப்போய்க் கேட்டாள். பாதிப்பேர் ஜப்பான்காரனுக்கு ரயில் பாதை போடக் காட்டுக்குப் போய்ச் செத்தார்கள் என்றார்கள். வெள்ளத்துரையைப் பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை. அந்தச் சமயத்தில்தான் அப்பாவு, தான் அவளைக் கட்டிக்கொள்ளத் தயார் என்று தன் அக்காவை விட்டுச் சொல்லியனுப்பினான். நல்ல மனுஷன், குடிக்கமாட்டான். கோயில் சாமியாரிடம் பேசி, வெள்ளத்துரை இறந்ததாகக் காட்ட வேண்டிய காகிதங்களுக்கு எழுதிப்போடலாம் என்றும் சொன்னான். எல்சி, அவர் வந்துவிடுவார் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள். அப்பாவு இரண்டு வருடம் பார்த்தான். பிறகு சடையங்குப்பத்தில் பெண் எடுத்தான். அவன் கல்யாணம் நடந்த வருடம்தான் எல்சிக்கும் நம்பிக்கை போயிற்று. வெள்ளைச் சேலைக்கு மாறினாள்.

மிலிட்டரிக்காரர்கள் மைதானத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். லாரி எண்ணெய் ஊறிப்போய் வடக்குப் பாதியில் புல் முளைக்கவில்லை. பேண்டு கிடையாது, கம்பத்தில் குழாய் ஒலிபெருக்கி கட்டி சினிமாப் பாட்டு ரெக்கார்டு போட்டார்கள். கார்னர் கிடைத்தாலும் பாட்டு அதுபாட்டுக்கு ஓடும். எல்சி ஹார்பர் பக்கத்துக் கிடங்கில் கிழிந்த கோணி தைக்கிற வேலையில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலைக்குப் போகமாட்டாள். பூசை பார்த்துவிட்டு வந்து, கஞ்சி குடித்துவிட்டு, சிலீப்பர் கட்டைகளின் மேல் போய்த் தனியாக உட்காருவாள். ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. ஊரும் அதை அவள் வழக்கம் என்று விட்டுவிட்டது.

ஐம்பத்தொன்றாம் வருடம் அக்டோபரில், ஒரு மத்தியானம் அத்தாவுல்லா கிடங்குக்கு வந்தான். பழைய டீமில் லெஃப்ட் சைடு ஆடினவன். இப்போது கப்பலில் கலாசி. ஊருக்கு வருகிறபோதெல்லாம் எல்சியைப் பார்த்து ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போவான். அன்றைக்கு உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான். முகம் சரியில்லை. அவள் ஊசியைக் கோணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்து போனாள்.

சிங்கப்பூரில் எஞ்சின் ரிப்பேருக்காகக் கப்பல் மூன்று வாரம் நின்றதாம். பொழுது போகாமல் ஒரு சனிக்கிழமை அங்கே ஃபுட்பால் பார்க்கப் போயிருக்கிறான். ஆட்டத்துக்கு முன்னால் பேண்டு வாசித்தார்கள், அது ஒன்றும் அவனுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பாதி ஆட்டத்தில் ஒரு கார்னர் கிடைத்தது. டிரம்பெட் எழுந்தது. ஐந்து சுரம்.

"நம்ம மெட்டு யக்கா. எனுக்கு அப்டியே ஒடம்பு சிலுத்துப் போச்சு."

வேறு யாராவது கற்றுக்கொண்டு வாசித்திருக்கலாம் என்று அவன் முதலில் நினைத்தானாம். அதனால் அடுத்த சனிக்கிழமையும் போனான், அதற்கடுத்த சனிக்கிழமையும் போனான். மூன்றாவது தடவை ஆட்டம் முடிந்ததும் பேண்டுக்காரர்கள் பின்னாலேயே நடந்தான். ஒரு டீக்கடையில் நின்றபோது பக்கத்தில் போய்ப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். வெள்ளத்துரை திரும்பினான். தலை நரைத்திருந்தது, வேறு மாற்றம் இல்லை.

"உசுரோட கீறாரா?" என்றாள் எல்சி.

"கீறாரு யக்கா."

அத்தாவுல்லா தரையைப் பார்த்துக்கொண்டு மீதியைச் சொன்னான். அங்கே குடும்பம் இருக்கிறது. சண்டைக் காலத்தில் ஒளித்து வைத்துச் சோறு போட்ட வீட்டுப் பெண், இரண்டு பிள்ளைகள். ஊரில் போய் ஒன்றும் சொல்லாதே, செத்தவன் செத்தவனாகவே இருக்கட்டும் என்று வெள்ளத்துரை அவன் கையைப் பிடித்துக்கொண்டானாம். சரி என்று சொல்லிவிட்டுத்தான் அத்தாவுல்லா கப்பல் ஏறினான். பத்து நாள் கடலில் தூக்கம் வரவில்லை. சொன்னாலும் பாவம், சொல்லாவிட்டாலும் பாவம் என்று ஆகிவிட்டது.

"வேற இன்னா கேட்டாரு?"

"மைதானம் கீதான்னு கேட்டாரு. யாரு வாசிக்கிறாங்கன்னு கேட்டாரு. ரெக்கார்டு போடறாங்கன்னு சொன்னேன். பேஜாராயிட்டாரு."

"என்னப் பத்தி?"

அத்தாவுல்லா வாயைத் திறந்தான். பொய் சொல்லத்தான் போகிறான் என்று எல்சிக்குத் தெரிந்தது. ஆனால் அவனால் முடியவில்லை.

"கேக்கல யக்கா."

உள்ளே மேஸ்திரி யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். எல்சி ஹார்பர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு, கடைசி சுரத்தை அப்போது மாதிரியே இழுக்கிறாரா என்று கேட்டாள். இழுக்கிறார் என்றான் அவன். அங்கே ஜனங்கள் சத்தம் போடாமல் இருக்கிறார்களா என்று கேட்டாள். இருக்கிறார்கள் என்றான். அவனைச் சாப்பிட்டாயா என்று கேட்டு அனுப்பிவிட்டு, அவள் உள்ளே போய் அந்தக் கோணியைத் தைத்து முடித்தாள்.

அன்று சாயங்காலம் அவள் கால்கள் அவளை அப்பாவு வீட்டுக்குக் கொண்டுபோயின. அவனிடம் சொல்லலாம், அவனிடம் மட்டும்தான் சொல்லலாம் என்று தோன்றியது. அப்பாவு வேலையிலிருந்து வரவில்லை. அவன் பெண்சாதி கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள், உள்ளே வரச்சொல்லி, ஒரு கையால் பலகையை நகர்த்திப் போட்டாள். குழந்தைக்குச் சளி, மூச்சு இழுக்கிறது என்றாள். எல்சி அதன் நெஞ்சில் தைலம் தேய்த்துவிட்டாள். காப்பி குடித்தாள். மூத்த பெண்ணின் தலையை வாரிவிட்டாள். என்ன விஷயமாக வந்தீர்கள் என்று அவளும் கேட்கவில்லை. அப்பாவுவின் சைக்கிள் சந்துமுனையில் திரும்புவது தெரிந்ததும், வேலை இருக்கிறது என்று எழுந்து பின்பக்கமாக வந்துவிட்டாள்.

மாதக் கடைசியில் கோயில் உபதேசியார் நோட்டும் பென்சிலுமாக வீடு வீடாக வந்தார். நவம்பர் இரண்டாம் தேதி நடக்கிற இறந்தோர் பூசையில் வாசிக்க, செத்தவர்களின் பேர்களை எழுதிக்கொள்ள வருடா வருடம் வருவது வழக்கம். எல்சி வீட்டு வாசலில் அவர் உட்காரக்கூட இல்லை.

"வெள்ளத்துரைதானேம்மா?" என்றார்.

இல்லை என்றால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் இருட்டுவதற்குள் ராயபுரம் முழுக்கத் தெரிந்துவிடும். அவளைப் பார்த்துப் பாவம் என்று சொன்ன வாய்கள் எல்லாம் வேறு ஏதாவது சொல்லும். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். பத்து வருடம் எதற்காக உட்கார்ந்திருந்தாய் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது?

"ஆமா சாமி. எழுதிக்கோங்க."

அவர் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை காலைப் பூசையில் சாமியார் பேர்களை வாசித்தார். வெள்ளத்துரை என்று வந்தபோது, முன்வரிசையில் அப்பாவு மார்பில் சிலுவை போட்டுக்கொள்வதைப் பின்னாலிருந்து எல்சி பார்த்தாள். அவள் கை எழவில்லை. வெளியே வந்தபோது இரண்டு மூன்று பெண்கள் வழக்கம்போல் அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள்.

அங்கிருந்து நேரே கிடங்குக்குப் போய், இனி ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வருகிறேன் என்று மேஸ்திரியிடம் சொன்னாள். அவருக்கு ஆள் தேவைதான், சரி என்றார். அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் கிடங்கில் போய் உட்கார்ந்தாள். பர்மா அரிசி வந்த கோணிகள் ஆள் உயரத்துக்குக் கிடந்தன. எலி கடித்ததைத் தனியாகவும், கொக்கி கிழித்ததைத் தனியாகவும் பிரித்துப் போட்டுவிட்டு, ஊசியில் சணல் கோத்தாள். சாயங்காலம் சிலீப்பர் கட்டைகளின் மேல் அவளைக் காணோமே என்று ஒருவரும் தேடவில்லை.