வாய் அசைக்காமல் எழுத வேண்டிய பரீட்சை

மன்னார்குடியில பரீட்சை, சர்க்கார் ஆபீசுல எழுத்தர் வேலைக்கு. அந்த வருசத்தோட எனக்கு வயசு வரம்பு முடியுது, அடுத்த தடவைங்கிற பேச்சே கிடையாது. விவசாயச் சங்கத்துல சேந்து அறுப்புக் கூலியில அரைப்படி நெல்லு கூடக் கேட்டதுக்கு எங்கப்பா ஐயாவு ஜெயில்ல கிடந்தாரு. பண்ணையோட காரியக்காரர் சிங்காரவேலு எங்க தெருவுக்கே வந்து சொல்லிட்டுப் போனாரு: "சங்கத்தை விட்டுட்டுப் பழைய கூலிக்கே வர்றோம்னு பண்ணை வாசல்ல வந்து நின்னு சொல்லணும். சொன்னா வேலை. இல்லேன்னா வெளியூர் ஆளை இறக்கிருவோம்."

அம்மா நீலாம்பாள் அவரு போனதும் என்கிட்டதான் சொன்னா. "நீ பாசாயிடுடி செவ்வந்தி. அந்த வாசல்ல போயி நிக்கிறதுக்கு நான் செத்துப்போகலாம்."

படிக்கிறது என்னன்னா, பொது அறிவு. எந்த நாட்டுக்கு என்ன காசு, எதை யாரு கண்டுபுடிச்சான். கோப்பைக் கட்டி அடுக்கப்போறவளுக்கு ஜப்பான்காரன் காசு என்ன எழவுக்குன்னு எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வரும். ஆனா கேக்குறாங்களே, என்ன செய்ய?

உக்காந்து படிச்சா அன்னிக்குக் கூலி போச்சு. அதனால இந்த அறுப்புத் தகராறுக்கு முந்தி, சம்பா நடவுல வேலை இருந்தப்பவே, சேத்துல நின்னுக்கிட்டேதான் படிச்சேன். காலையில புத்தகத்தைப் பாத்து மனசுல ஏத்திக்கிட்டுப் போயி, வயல்ல நடவுப் பாட்டுல போட்டு விடுவேன். "ஜப்பானுக்கு யென்னு, சாஞ்சு நடடி கண்ணு"ம்பேன். மத்த பொம்பளைங்க திருப்பிச் சொல்லுவாங்க. "பர்மாவுக்குக் கியாத்து, பதமா வையி நாத்து." ரேடியத்துக்குக் கியூரி, அம்மை ஊசிக்கு ஜென்னர், எல்லாம் அப்படித்தான் ஏறுச்சு. அம்மாவுக்கு ஒரு எழுத்து தெரியாது, ஆனா எங்க வரிசையில அவ குரல்தான் ஓங்கி நிக்கும்.

பரீட்சை ஹால்ல பேப்பரைப் பாத்ததும் வயித்துல பால் வாத்த மாதிரி இருந்துச்சு. எல்லாம் நமக்குத் தெரிஞ்சது. முதல் கேள்வி பர்மா. பாட்டை முதல்லேருந்து பிடிச்சாத்தான் பர்மா வரும். பிடிச்சேன். என்னை அறியாம வாய் முணுமுணுத்துடுச்சு போல. மேற்பார்வைக்கு நின்ன வாத்தியார் வந்து, "சத்தம் வரக்கூடாதும்மா" அப்படின்னாரு.

சரின்னு வாயை மூடிக்கிட்டேன். மூடினா ஒண்ணும் வரல. ஜப்பானும் வரல, பர்மாவும் வரல. குனிஞ்சு பாத்தேன், முந்தானையை வாயில வச்சுக் கடிச்சேன். சனியன், மண்டை வெறும் பானையா கிடக்கு. முன்னாடி இருந்தவ விறுவிறுன்னு எழுதிக்கிட்டு இருக்கா. மணி அடிச்சுட்டாங்க, இன்னும் பாதி நேரம்தான். அப்பா முகம் வேற கண்ணு முன்னாடி வந்து நிக்குது. என்னால முடியல. முந்தானையைத் துப்பிட்டுப் பாடிட்டேன்.

வாயைத் திறந்ததும் மடை திறந்தாப்ல வந்துச்சு. யென்னு, கியாத்து, லிரா, மார்க்கு, கியூரி, ஜென்னர். எழுதிக்கிட்டே பாடுறேன், சத்தம் ஏறுறதுகூடத் தெரியல. வாத்தியார் வந்து பேப்பரை உருவுன அப்புறந்தான் நிமிந்தேன். பக்கத்துல ரெண்டு பொண்ணுங்க நான் சொன்னதைக் கேட்டு எழுதிக்கிட்டு இருந்துச்சுங்க.

"ஐயா, நான் யாருக்கும் சொல்லிக் குடுக்கலீங்க. எனக்கு இப்படித்தாங்க வரும்." கால்ல விழுந்தேன். அவரு பொல்லாத மனுசன் இல்ல, அவரு கண்ணும் கலங்குச்சு. "விட்டா என் வேலை போயிடும்மா. எந்திரி" அப்படின்னு வெளிய அனுப்பிட்டாரு.

சுவரோரமா வேப்பமரத்தடியில அம்மா நின்னுக்கிட்டு இருந்தா. என்னைப் பாத்ததும் ஓடியாந்தா. அப்பாவைப் புடிச்சுட்டுப் போன நாள்லேருந்து அவ சிரிச்சு நான் பாத்ததில்ல. இப்ப முகமெல்லாம் சிரிப்பு.

"வெளிய வரைக்கும் கேட்டுச்சுடி. ஒண்ணுகூடத் தப்பில்ல. அதான் முன்னாடியே அனுப்பிட்டாங்களா?"

"ஆமாம்மா."

"இனிமே அந்த வாசல்ல போயி நிக்க வேணாம்ல?"

"நீ நிக்க வேணாம்மா"ன்னேன்.

மறுநாள் அவ எழுந்திரிக்கிறதுக்குள்ள நான் பண்ணை வாசலுக்குப் போயிட்டேன். சிங்காரவேலு வெளிய வந்து என்னன்னு கேட்டாரு.

"பழைய கூலிக்கே வர்றோமுங்க" அப்படின்னேன்.