ஈய முத்திரை

அப்பா கடைத் தராசுகளைப் பழுது பார்ப்பவர். சரிசெய்த தராசில் கம்பி கோத்து, ஈயப் பொட்டு ஒன்றை மாட்டி, குறடால் நசுக்கி முத்திரையிடுவார். முத்திரை உடைந்திருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று பொருள். மனிதர்களிடம் இந்த வசதி இல்லையே என்பது அவருடைய நெடுநாள் குறை.

அக்கா எட்டு மாதத்தில் பதினாறு கிலோ ஏறியிருந்தாள். முகம் உருண்டது, வயிறு முன்னே வந்தது, கைகால்கள் மட்டும் மெலிந்தன. அதே எட்டு மாதமாக ஃபிரிட்ஜில் வெண்ணெயும் ரொட்டியும் மாயமாகிக்கொண்டிருந்தன. அப்பா இரண்டையும் இரண்டு தட்டில் வைத்தார். முள் நேராக நின்றது.

"நீ எடுக்கலையா?"

"பசிக்குதுப்பா. எந்நேரமும் பசிக்குது. ஆனா எடுக்கல."

"பசிக்குதுன்னு ஒத்துக்கற. எடுத்ததை மட்டும் ஒத்துக்க மாட்டேங்கற."

ஃபிரிட்ஜ் கதவில் இரண்டு வளையம் ஒட்டி, கம்பி கோத்து, முத்திரை வைத்தார். சமைக்கும் நேரத்தில் அவரே வெட்டித் திறப்பார். பிறகு புதுப் பொட்டு. "பால் எடுக்கக்கூட அதிகாரி வரணும் போல" என்றாள் அம்மா. அன்றோடு திருட்டு நின்றது.

"பாத்தியா?" என்றார் அப்பா. அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

திருடியது நான். கல்லூரி முடிந்து மூன்று மணிக்கு வருவேன். வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். எவ்வளவு தின்றாலும் ஒட்டடைக்குச்சி மாதிரியே இருப்பதால் என்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நானும் அந்த நம்பிக்கையைக் கெடுக்கவில்லை.

முத்திரைக்குப் பிறகும் ஒரே மாதத்தில் அக்கா இன்னும் இரண்டு கிலோ ஏறினாள். "வெளியில தின்னுட்டு வர்றா" என்று அப்பா அவளை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். நானும் போனேன். காணாமல் போன வெண்ணெயைத் தேதிவாரியாக எழுதிய நோட்டை அப்பா மேசையில் வைத்தார்.

டாக்டரம்மா புரட்டிப் பார்த்தார். "நெறைய சாப்பிடுறா போல. மொதல்ல அதைக் குறைங்க. மூணு மாசம் கழிச்சு வாங்க."

அக்கா நாற்காலியில் கையை ஊன்றி, இரண்டு முறை முயன்று எழுந்தாள். டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்தார்.

"அந்த நோட்டுல இருக்கறதெல்லாம் நான் தின்னது" என்றேன்.

"இங்க வந்தும் கிண்டலாடா?" என்றார் அப்பா.

வீட்டில் நாளெல்லாம் கிண்டல் பேசுகிறவன் நான். உண்மையை மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.

டாக்டரம்மா பேனாவை மூடினார். "அப்ப இவ என்ன சாப்பிடுறா?"

"தட்டுல வைக்கிறதுதான். அதையும் அப்பா நிறுத்துதான் வைக்கிறார்" என்றேன்.

டாக்டரம்மா அக்காவின் சட்டைக் கையை மேலே தூக்கிப் பார்த்தார். முழங்கைக்கு மேல் ஊதா நிறத்தில் கன்றிப்போன திட்டுகள்.

"யாராவது அடிச்சாங்களா?"

"இல்ல டாக்டர். லேசா இடிச்சாலே வந்துடுது."

அதற்குப் பிறகு டாக்டரம்மா மெதுவாகப் பேசினார். "கார்டிசால்னு ஒரு ஹார்மோன். அளவுக்கு மீறிச் சுரந்தா பசியைக் கிளப்பும். முகத்துலயும் வயித்துலயும் கொழுப்பைச் சேக்கும், கைகால் தசையைக் கரைக்கும். கம்மியா சாப்பிட்டாலும் எடை ஏறலாம். சுரப்பியில சின்னக் கட்டி ஏதாவது இருக்கலாம். டெஸ்ட் பண்ணாம சொல்ல முடியாது." பிறகு அக்காவைப் பார்த்தார். "இவ்வளவு பசியோட எடுக்காம இருந்திருக்கியேம்மா."

அக்கா அப்போதுதான் அழுதாள்.

ஒரு நாள் முழுக்கச் சிறுநீரைச் சேர்த்து, குளிரில் வைத்துத் தர வேண்டும் என்று பெரிய டப்பா ஒன்றைக் கொடுத்தனுப்பினார்கள். மறுநாள் காலை அதைப் பிடித்தபடி அக்கா ஃபிரிட்ஜ் முன்னால் நின்றாள்.

"இதுக்கும் முத்திரை உண்டாப்பா?"

அப்பா கம்பியை வெட்டினார். வளையங்களைப் பிய்க்கப் பார்த்தார். பசை விடவில்லை, நகம்தான் உடைந்தது. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"பசிக்குதாம்மா?"

"பசிக்குது."

இந்த முறை அவர் அடுத்த கேள்வி கேட்கவில்லை. அக்கா டப்பாவை உள்ளே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"எட்டு மாசம்டா" என்றாள்.

அப்பாவின் வெண்ணெய் நோட்டை எடுத்து, ஒவ்வொரு தேதிக்கும் நேரே என் பெயரை எழுதினேன்.