மூக்கு ரேகை

என் கொட்டகையில் பதினொரு மாடு. கண்ணைக் கட்டிவிட்டாலும் மூச்சு விடுவதை வைத்தே எது எது என்று சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொண்டு திரிந்தவள் நான். கேட்டுக் கேட்டு அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் காது புளித்துப்போயிருந்தது.

அன்று காலை கறவை முடித்துக் கை கழுவும்போது மாட்டு டாக்டர் வந்தார். வழக்கமாகக் கிண்டல் பேசிக்கொண்டே உள்ளே வருகிறவர், பூட்ஸின் மேல் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்.

"அறுப்புக்கூடத்துல ஒரு மாட்டுக்கு நுரையீரல் முழுக்கக் காசநோய்க் கட்டி. காதுவில்லை நம்பரைத் தட்டிப் பார்த்தா உங்க கொட்டகை வருதும்மா."

"நான் எதையும் அறுப்புக்கு அனுப்பலையே."

அவர் நம்பரைப் படித்தார். அது மகாராணியின் நம்பர். மடிவீக்கம் வந்து, போன மழைக்காலத்திலேயே செத்துப்போன மாடு. புதைக்கக் கொண்டுபோனவன் என் கொழுந்தன், சின்னவன். செத்த மாட்டின் வில்லையைக் கழற்றி ஆபீஸில் ஒப்படைக்கிறேன் என்றதும் அவன்தான்.

வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டேன். "வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

"சீக்கிரம் கேளுங்க. நோய் வந்த கொட்டகைன்னா ஒண்ணுகூட மிஞ்சாது. அதான் சட்டம். நாளைக்கு எல்லாத்தையும் ஏத்திட்டுப் போக லாரி வருது."

தோடு என்று நாங்கள் சொல்லும் அந்த மஞ்சள் பிளாஸ்டிக் காதுவில்லைக்கு மவுசு வந்ததே கறி பாக்கெட்டால்தான். மாடு எந்த நாட்டில் பிறந்தது, எங்கே வளர்ந்தது, எங்கே அறுபட்டது என்று பாக்கெட்டின் மேல் அச்சடிக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். உள்நாடு என்று போட்டிருந்தால்தான் ஜனங்கள் கை வைக்கிறார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் பிறந்தது என்று போட்டால் சீந்த ஆளில்லை. அதனால் செத்த உள்நாட்டு மாட்டின் தோட்டை, லாரியில் வந்து இறங்கும் வெளிநாட்டு மாட்டின் காதில் மாட்டிவிடுகிற திருட்டுத்தனம் எங்கெங்கோ நடப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். என் வீட்டுக்குள்ளேயே நடக்கும் என்று நினைக்கவில்லை.

சின்னவன் மாட்டுச் சந்தையில் தரகன். நான் கல்யாணமாகி வந்தபோது அவனுக்குப் பால் பல்கூட விழவில்லை. பெறவில்லையே தவிர, வளர்த்தது நான்தான். நேரே சந்தைக்குப் போனேன். எடைமேடைக்குப் பின்னால் இருந்த அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டான்.

"உக்காரு. மகாராணியோட தோடு எங்கடா?"

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. "தெரியாம பண்ணிட்டேன் அண்ணி."

"தெரியாமத்தான் செத்த மாட்டுக் காதை அறுத்தியா? தூக்கத்துல நடந்து போயா?"

அவன் தட்டைப் பிடுங்கி எறியத் தோன்றியது. ஆனால் பாதிச் சோறு மிச்சமிருந்தது, மனசு வரவில்லை.

"நாளைக்கு டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடப்போறேன். அறுத்த மாட்டோட தலை ஐஸ் ரூம்லதான் இருக்கும். மூக்கு ரேகை பார்த்தா மகாராணி இல்லன்னு தெரிஞ்சிடும்ல?"

மனுஷனுக்குக் கைரேகை மாதிரி மாட்டுக்கு மூக்கு. கன்றுக்குத் தோடு போடும்போதே மூக்கைத் துடைத்து, மை தடவி, அட்டையில் ஒற்றி எடுத்துவிடுவார்கள். சாகிறவரைக்கும் அது மாறாது.

"சொல்லாதீங்க அண்ணி. சொன்னாலும் மாடு மிஞ்சாது."

"மிரட்டுறியா?"

ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு தட்டிலேயே கையைக் கழுவிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். தன் தலை தப்பினால் போதும் என்று பார்க்கிறான் என்றுதான் நினைத்தேன். இவ்வளவுதானா நீ என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

வீட்டுக்காரர் அதிகம் பேசமாட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவன் உள்ள போயிடுவான்" என்றார்.

"பண்ணினதுக்குப் போகட்டும்."

"மாடு போனா வேற வாங்கிக்கலாம். அவன் என் தம்பி."

"பண்ணினது அவன். இந்தப் பதினொண்ணும் என்னங்க குத்தம் பண்ணுச்சு?"

அவர் எழுந்து தொட்டிக்குத் தண்ணீர் விடப் போனார்.

மறுநாள் லாரி வந்து நின்றது. டாக்டரைத் தனியே கூப்பிட்டு ஒன்று விடாமல் சொன்னேன். அவர் அறுப்புக்கூடத்துக்குப் போன் போட்டார். அவர்கள் அந்தத் தலையின் மூக்கை ஒற்றிப் படம் அனுப்பினார்கள். ஒத்துப்போகவில்லை. அது மகாராணியே இல்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டாக்டர்கூட லேசாகச் சிரித்தார்.

"நல்லதும்மா. ஒரு வில்லை மாறியிருக்கு பாருங்க, அதனால இங்க நிக்கிறதையும் ஒரு தடவை சரிபார்த்துடறேன்."

"தாராளமாப் பாருங்க" என்றேன். குரலில் அத்தனை திமிர். நானே துணியை எடுத்து ஒவ்வொரு மூக்கையும் துடைத்துக் கொடுத்தேன். முரடி, சீமாட்டி, நொண்டியம்மா என்று வரிசையாகப் பத்தும் பதிவோடு அப்படியே பொருந்தின.

கடைசியாகப் புதுப்பொண்ணு, தலைச்சன் சினையாக நிற்கும் கிடாரி. அட்டையையும் இப்போது ஒற்றி எடுத்ததையும் மாறி மாறிப் பார்த்தார் டாக்டர். மறுபடி துடைக்கச் சொன்னார். மறுபடி ஒற்றினார்.

"இது இங்கேயே வளர்ந்ததாம்மா?"

கன்றாக இருந்தபோது கொட்டகையில் இடம் போதவில்லை. சின்னவன் தன் மேய்ச்சலில் விட்டு வளர்த்துத் தருகிறேன் என்று கொண்டுபோனான். சினையோடு கொண்டுவந்து விட்டான். என் கொழுந்தன் எப்படித் தேற்றிக் கொடுத்திருக்கிறான் பாருங்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன்.

டாக்டர் அவனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் அழுகைச் சத்தம்.

"அது செத்துப்போச்சு அண்ணி. கொண்டுபோன கொஞ்ச நாள்லயே வயிறு ஊதிப்போச்சு. நீங்க தினம் போன் பண்ணி 'தின்னாளா, தின்னாளா'ன்னு கேப்பீங்க. எப்படிச் சொல்றது? எல்லைக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து லாரியில வந்ததுல ஒண்ணு அதே மாதிரி நெத்தியில வெள்ளையோட இருந்துச்சு. தோட்டை மாத்திட்டேன். நீங்க கண்டுபிடிக்கலை. அப்புறம்தான் அண்ணி இது எவ்வளவு சுலபம்னு தெரிஞ்சுது."

டாக்டர் ஒன்றே ஒன்று கேட்டார். "செத்த மாட்டோட தோட்டைப் போட்டு அறுப்புக்கு அனுப்பினியே, அதுவும் அதே லாரியில வந்ததா?"

"அதே லாரிதான் சார். ரெண்டும் என் மேய்ச்சல்லதான் ஒண்ணா நின்னுச்சு."

டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. கையுறையைக் கழற்றிக்கொண்டே லாரிக்காரர்களுக்குத் தலையசைத்தார். இத்தனை நாள் அந்தக் கிடாரி மற்ற பத்தோடும் ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்திருக்கிறது. இதற்கு மேல் யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. சந்தைக்குப் போலீஸ் போய்விட்டது என்று சற்று நேரத்தில் தகவல் வந்தது.

வீட்டுக்காரர் தீவனத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

"நீ வாயை மூடிட்டு இருந்திருந்தா தம்பியாவது மிஞ்சியிருப்பான்" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. நியாயம் என் பக்கம்தான், அது எனக்குத் தெரியும். அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

புதுப்பொண்ணைத்தான் முதலில் ஏற்றச் சொன்னார்கள். பலகையில் காலை வைத்ததும் மிரண்டு பின்வாங்கினாள். ஒருவன் கயிற்றை இழுத்தான், இன்னொருவன் வாலை முறுக்கினான். வயிற்றுச் சுமையோடு பக்கவாட்டில் சரியப் பார்த்தாள்.

"அடிக்காதடா!" என்று கத்தினேன்.

"அப்ப நீங்களே ஏத்துங்கம்மா. எங்களுக்கு நேரமாகுது" என்றான் லாரிக்காரன்.

கயிற்றை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்து லாரிக்குள் ஏறினேன். எந்த நாட்டில் எவள் வீட்டில் பிறந்ததோ, எனக்குத் தெரியாது. என் குரல் மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது. வாடி என்றேன். வந்தாள். அவள் பின்னாலேயே மற்ற பத்தும் ஏறின.